சர்ச்சிலின் பெங்களூர் பாக்கி

விடிவதற்குச் சற்று முன். பெங்களூர் கண்டோன்மென்ட்டில் ஒரு பங்களா. கட்டிலில் ஓர் இளைஞர் அடித்துப் போட்டாற்போல் தூங்குகிறார். இருட்டில் ஓர் உருவம் ஓசையில்லாமல் வந்து, ஈரக் கையால் அவருடைய மோவாயை நிமிர்த்துகிறது. மறு கையில் பளபளவென்று கத்தி. அது நேராகத் தொண்டைக்குப் போகிறது!

பதறாதீர்கள், ஷேவிங்தான். நுரை தடவி, மழித்து, ஆளை எழுப்பிவிடுவதற்கென்றே ஒருவர் இருந்தார். ஆறு மணி பரேடுக்கு துரை எழுந்து கிளம்பும்போது கன்னம் ரெடி. பின்னாளில் ஹிட்லருக்கே அசைந்துகொடுக்காத வின்ஸ்டன் சர்ச்சில், 1896-ல் தினமும் தன் தொண்டையைப் பெங்களூர்க்காரர் ஒருவரின் கத்தியை நம்பி ஒப்படைத்திருக்கிறார்.

பெங்களூரில் நம் வீட்டுப் பிள்ளை ஒன்று கட்டாயம் இருக்கும். பி.ஜி.யில் தங்கி, 'ஆன்சைட்' என்கிற மந்திரச் சொல்லை ஜபித்துக்கொண்டிருக்கும். லண்டனுக்கு விசா கிடைத்துவிட்டால் குலதெய்வத்துக்குப் பொங்கல். சர்ச்சில் கேஸ் அப்படியே தலைகீழ். லண்டன் பிள்ளையைப் பெங்களூருக்கு ஆன்சைட் அனுப்பிவிட்டார்கள். உடம்பு ஓர் ஊரில், மனசு வேறோர் ஊரில் என்கிற வியாதியை ஐ.டி. கம்பெனிகள்தான் கொண்டுவந்தன என்று பழி போடாதீர்கள். நாலாவது ஹுஸ்ஸார் குதிரைப்படை அதை 19-ம் நூற்றாண்டிலேயே இறக்குமதி செய்துவிட்டது!

பையனுக்கு அப்படி என்ன அவசரம்? அப்பாதான் காரணம். நிதியமைச்சராக இருந்த லார்ட் ராண்டால்ஃப் சர்ச்சில், 1895 ஜனவரி 24-ம் தேதி 45 வயதிலேயே போய்ச் சேர்ந்தார். 'நம் பரம்பரையில் ஆயுசு கம்மி' என்று மகன் முடிவுகட்டிவிட்டார். அதற்குள் மெடல் வாங்கி, பேர் வாங்கி, பார்லிமென்ட்டுக்குள் நுழைந்தாக வேண்டும். அல்பாயுசு என்று பயந்து வாழ்நாள் முழுக்க ஓடிய அந்த மனிதர் கடைசியில் கண்ணை மூடியது 1965-ல். 90 வயதில். தேதி? அதே ஜனவரி 24!

அவசரம் முதல் நாளே வேலையைக் காட்டியது. 1896 அக்டோபரில் பம்பாய் சஸூன் டாக்கில் வந்து இறங்குகிறார். அலையில் படகு நாலைந்து அடி ஏறுகிறது, இறங்குகிறது. கல் சுவரில் ஏறிப் போக, பிடித்துக்கொள்ள இரும்பு வளையங்கள். நம்மாள் எட்டி ஒரு வளையத்தைப் பிடிக்க, அதே விநாடி படகு விலகிப் போக, வலது தோள்பட்டை பிசகிவிட்டது. இந்திய மண்ணில் கால் வைக்கும் முன்பே கை போயிற்று.

அந்தத் தோள் கடைசிவரை சரியாகவில்லை. தலையணைக்கு அடியில் கையை வைத்துப் படுத்தால் வம்பு. அலமாரியிலிருந்து புத்தகம் எடுத்தால் வம்பு. ஒருமுறை பார்லிமென்ட்டில் ஆவேசமாகக் கையை வீசிப் பேசியபோது, எதிர்க்கட்சி விழுவதற்குப் பதில் இவர் தோள் கழன்று விழப் பார்த்தது. ஆனால், 1898-ல் சூடானில் ஓம்துர்மான் போரில் வாளைச் சுழற்ற முடியாத அந்தக் கையால்தான் மவுசர் பிஸ்டலை எடுத்தார். வாளை நம்பியிருந்தால் தன் கதை அங்கேயே முடிந்திருக்கலாம் என்று பின்னால் அவரே எழுதினார். அவசரத்தில் விழுந்த அடிதான் ஆயுசைக் காப்பாற்றியது. விதிக்கு நகைச்சுவை உணர்ச்சி இல்லை என்று யார் சொன்னது?

சரி, பெங்களூருக்கு வருவோம். மூன்று பேச்சலர்கள் சேர்ந்து வாடகைக்குப் பிடித்த வீடு. இன்றைய மூன்று பேச்சலர் வீட்டை மனசில் கொண்டுவராதீர்கள். இரண்டு ஏக்கர் தோட்டம். வெள்ளைத் தூண்கள் வைத்த வராந்தா. தூணெல்லாம் படர்ந்த காகிதப்பூ. முப்பது குதிரைகளைக் கட்ட ஒரு லாயம். ஆளுக்கொரு பட்லர். ஹவுஸ் ஓனர் வந்து 'நான்-வெஜ் கூடாது' என்று சொன்னதாக வரலாற்றில் குறிப்பு இல்லை.

வேலை? அதைக் கேட்டால் உங்களுக்கு வயிறு எரியும். ஆறு மணிக்கு ஒன்றரை மணி நேரம் பரேடு. குளியல், டிபன். ஒன்பதிலிருந்து பத்தரைவரை லாயம், ஆபீஸ். அவ்வளவுதான், கடை மூடியாச்சு! வெயில் ஏறியதும் துரைமார் எல்லோரும் நிழலுக்குள் பதுங்கிவிடுவார்கள். ஒன்றரைக்குச் சாப்பாடு, ஐந்து வரை தூக்கம், ஐந்துக்கு மேல் போலோ, எட்டரைக்கு பேண்டு வாத்தியத்தோடு டின்னர். ஒர்க்-லைஃப் பேலன்ஸ் என்று இன்றைக்கு ஹெச்.ஆர். வகுப்பெடுக்கிறார்களே, அதில் 'ஒர்க்' என்கிற முதல் வார்த்தையைத் தூக்கிவிட்டால் சர்ச்சிலின் டைம்டேபிள்.

சம்பளம் நாளொன்றுக்கு 14 ஷில்லிங். குதிரைகளுக்கென்று மாதம் 3 பவுண்ட் தனி. வீட்டிலிருந்து வருஷத்துக்கு 500 பவுண்ட். போலோ குதிரைக்கு முன்னால் இதெல்லாம் எம்மாத்திரம்? உள்ளூர் லேவாதேவிக்காரர் ஒருவர் உதவிக்கு வந்தார். வாட்டசாட்டமான மனிதர், தேனாகப் பேசுவார். சின்னச் சின்னத் தாளில் கையெழுத்துப் போட்டால் போதும், மந்திரம் போட்டதுபோல் குதிரை வந்து நிற்கும். வட்டி மாதத்துக்கு 2 சதவீதம். நம் கிரெடிட் கார்டின் கொள்ளுத்தாத்தாவை இப்போது அடையாளம் தெரிந்திருக்குமே!

இந்த சொர்க்கத்தைப் பற்றி அம்மாவுக்கு என்ன எழுதினார் தெரியுமா? சீசன் முடிந்துபோன, கடல்கூட இல்லாத, மூன்றாந்தரக் கடற்கரை ஊர் மாதிரி இருக்கிறது என்று! மூவாயிரம் அடி உயரம், சில்லென்ற காலை, சில்லென்ற ராத்திரி என்று அதே பெங்களூரைப் புகழ்ந்தும் எழுதினார். எப்போது? ஊரை விட்டுப் போய் முப்பது வருஷம் கழித்து, சுயசரிதையில்! பக்கத்தில் இருக்கும்போது ஊர் அழகாகத் தெரியாது, பாஸ்போர்ட்டில் முத்திரை விழுந்த பிறகுதான் தெரியும் என்பதற்கு நம் அமெரிக்க மாமாக்கள் மட்டுமா சாட்சி?

உள்ளூர் பாஷை கற்றுக்கொண்டாரா? அதுவும் அம்மாவுக்குப் போன கடிதத்தில் இருக்கிறது. ஹிந்துஸ்தானி கற்கப்போவதில்லை, இங்கே எல்லோரும் நன்றாக இங்கிலீஷ் பேசுகிறார்கள், நாளைக்கு உபயோகப்படாத பாஷைக்காக நேரத்தை வீணடிப்பானேன் என்கிறார். கன்னடம் என்று ஒன்று இருப்பதாக அவருக்குத் தகவல் போய்ச் சேர்ந்த அறிகுறியே இல்லை. பத்து வருஷம் ஒயிட்ஃபீல்டில் இருந்தும் 'கன்னட கொத்தில்லா' என்ற இரண்டே வார்த்தையில் காலம் தள்ளும் அன்பர்களே, உங்கள் சங்கத்தின் ஸ்தாபகத் தலைவர் யார் என்று தெரிந்துகொள்ளுங்கள்.

ஆனால், ஒரு ஆச்சரியம். லண்டனுக்காக ஏங்கிய அதே ஆள், தோட்டத்தில் இறங்கினால் வேறு ஆள்! முன்பு குடியிருந்தவர் விட்டுப்போன 150 ரோஜாச் செடிகளைப் பார்த்துப் பார்த்துப் பராமரித்தார். வலையைத் தூக்கிக்கொண்டு பட்டாம்பூச்சி பிடித்தார். 65 வகைக்கு மேல் சேர்ந்தது. அப்புறம் ஒரு ராத்திரி ஒரு எலி அலமாரிக்குள் புகுந்து மொத்த கலெக்‌ஷனையும் தின்று ஏப்பம் விட்டது.

பார்லிமென்ட் கனவெல்லாம் பறந்துபோயிற்று. ஒரே லட்சியம், எலி! பிடித்தார். வளர்ப்பு டெர்ரியரை ஏவித் தீர்த்துக்கட்டினார். அந்த நாயின் பெயர் 'வின்ஸ்டன்'. எலியைக் கொன்ற பெருமைகூட வேறு பெயருக்குப் போய்விடக் கூடாது பாருங்கள்! மறுபடி முதல் பட்டாம்பூச்சியிலிருந்து ஆரம்பித்தார். பின்னாளில் தேர்தலில் தோற்று, பதவி போய், திரும்பத் திரும்ப எழுந்து வந்த மனிதருக்கு முதல் கோச்சிங் கொடுத்தது ஒரு கண்டோன்மென்ட் எலி.

மீதி மத்தியானங்களை என்ன செய்வது? மற்ற ஆபீசர்கள் தூங்கினார்கள். நம்மாளுக்கு திடீரென்று ஒரு ஞானோதயம்: 'எனக்கு ஒன்றுமே தெரியாது!' யாரோ பேச்சுவாக்கில் 'எதிக்ஸ்' என்றார்கள். அப்படியென்றால் என்ன? 'சாக்ரடீஸ் முறை' என்றார்கள். யார் அந்த சாக்ரடீஸ்? சாண்ட்ஹர்ஸ்ட் ராணுவக் கல்லூரியின் நுழைவுத் தேர்வையே மூன்றாவது தடவையில் தாண்டியவருக்கு 22 வயதில் படிப்பு ஆசை வந்துவிட்டது. கோர்ஸ் கிடையாது, சர்ட்டிஃபிகேட் கிடையாது. சாய்வதற்கு ஓர் இடமும் அம்மா கப்பலில் அனுப்பிய புத்தக மூட்டையும்தான் யுனிவர்சிட்டி.

கிப்பனின் ரோமாபுரி வரலாறு எட்டு வால்யூம். மெக்காலே பன்னிரண்டு வால்யூம். பிளேட்டோ, டார்வின், மால்தஸ், ஷோபன்ஹவர். தினமும் நாலைந்து மணி நேரம். மெக்காலே 50 பக்கம், கிப்பன் 25 பக்கம் என்று ரேஷன் போட்டுப் படித்ததாக அம்மாவுக்குக் கணக்கு ஒப்பித்திருக்கிறார். படித்து முடித்துத் தலையைத் தூக்கினால் நிழல் நீண்டிருக்கும், போலோவுக்கு நேரமாகியிருக்கும். மனிதர் பெங்களூரில் முழுசாக இருந்தது அந்தச் சில மணி நேரம்தான். அப்போதும் ரோமாபுரியில் இருந்தார் என்கிறீர்களா? அதுவும் சரிதான்.

உச்சக்கட்ட கூத்து ஒன்று உண்டு. பிரிட்டனின் வருஷாந்தர அரசியல் தொகுப்பான 'ஆனுவல் ரெஜிஸ்டர்' வால்யூம்களை அம்மா அனுப்பினார். அதில் பழைய பார்லிமென்ட் விவாதங்கள். ஒவ்வொரு மசோதாவுக்கும், விவாதத்தைப் படிப்பதற்கு முன்னால், தான் அங்கே இருந்தால் என்ன பேசியிருப்போம் என்று ஒரு தாளில் எழுதி வைப்பார். அப்புறம்தான் மற்றவர்கள் பேசியதைப் படிப்பார். இருபது வருஷத்துக்கு முன் ஓட்டெடுப்பு முடிந்துபோன மசோதாவுக்கு, ஐயாயிரம் மைல் தள்ளி, போலோ பூட்ஸ் போட்டுக்கொண்டு ஓட்டுப் போடும் ஒரே எம்.பி.!

இதற்கிடையில் 1897. லீவில் இங்கிலாந்து போய்க் குதிரைப் பந்தயம் பார்த்துக்கொண்டிருந்தவருக்கு, வடமேற்கு எல்லையில் சண்டை என்று செய்தி வந்தது. தளபதி யார்? சர் பிண்டன் பிளட். லண்டன் டவரில் அரச நகைகளைத் திருடப் பார்த்த கர்னல் பிளட் எங்கள் மூதாதை என்று பெருமையாகச் சொல்லிக்கொள்கிற மனிதர். 'அடுத்த சண்டைக்கு உன்னைக் கூட்டிப்போகிறேன்' என்று முந்தின வருஷம் வாக்குக் கொடுத்திருந்தார். விருந்து வீட்டில் கொடுத்த வாக்கை அட்வான்ஸ் புக்கிங்காக எடுத்துக்கொண்டு இவர் இந்தியாவுக்குப் பறந்தார்.

ராணுவத்தில் சீட் காலி இல்லை, வேண்டுமானால் பத்திரிகை நிருபராக வா என்று பதில். வந்தால் போதாதா? பெங்களூர் ஸ்டேஷன் கவுண்ட்டரில் போய் எல்லைப் பக்கத்து நௌஷேராவுக்கு டிக்கெட் கேட்டார். ஒரு சின்ன மூட்டை ரூபாயை வாங்கிக்கொண்டு, கிளார்க் சாதாரண சைஸில் ஒரு டிக்கெட்டைத் தள்ளினார். எவ்வளவு தூரம் என்று கேட்டார் சர்ச்சில். கிளார்க் அட்டவணையைப் புரட்டி, முகத்தில் சலனமே இல்லாமல் சொன்னார்: 2,028 மைல். ஏறக்குறைய 3,260 கிலோமீட்டர், ஐந்து நாள், வெயில் காலம். லட்சியத்தின் தூரத்தை அத்தனை துல்லியமாகச் சொன்ன ஒரே கேரியர் கவுன்சிலர் அந்த ரயில்வே கிளார்க்தான்.

போர்க்களத்தில் என்ன செய்தார்? எல்லோரும் குண்டுக்குப் பயந்து தரையோடு தரையாகப் படுத்திருக்க, இவர் சாம்பல் நிறக் குதிரையில் ஏறி, வரிசைக்கு முன்னால் உலா போனார். ஏன்? யாராவது பார்த்துக்கொண்டிருந்தால் தனக்கு எந்த வீரமும் பெரிதில்லை என்று அம்மாவுக்கு வெட்கமில்லாமல் எழுதினார். அருவி விளிம்பில் நின்று ரீல்ஸ் எடுப்பவர்களைத் திட்டுகிறோமே! சர்ச்சிலிடம் செல்போன் இல்லாமல் போனது பிரிட்டிஷ் சாம்ராஜ்யத்தின் அதிர்ஷ்டம்.

போர்ச் செய்திகளை டெய்லி டெலிகிராஃப் போட்டது. பத்திக்கு 5 பவுண்ட். ஆனால், பெயர் போடவில்லை, 'ஓர் இளம் அதிகாரி' என்று மட்டும். பெயருக்காகத்தானே குண்டுக்கு நடுவில் குதிரை ஓட்டியது! கொதித்துப்போனவர் பெங்களூர் திரும்பி, இரண்டே மாதத்தில் அந்தச் சண்டைக்குப் போன 'மலாகண்ட் படை'யின் கதையைப் புத்தகமாக எழுதித் தள்ளினார். கப்பலில் ப்ரூஃப் வந்து போக நேரமில்லை என்று, லண்டனில் இருந்த பெரியப்பா மோர்டன் ஃப்ரூவனிடம் அந்த வேலையை விட்டார். தொட்ட தொழிலெல்லாம் நொடித்துப்போனதால் 'மார்ட்டல் ரூயின்' என்று ஊர் பட்டம் கொடுத்த பெரியப்பா. புத்தகத்தையும் அவர் தொட்டார். 1898 மார்ச்சில் பக்கத்துக்குப் பக்கம் அச்சுப்பிழையோடு வெளிவந்தது. பைத்தியம் பிடித்த ப்ரூஃப் ரீடர் திருத்திய டிஸ்ரேலி மாதிரி இருக்கிறது என்று ஒரு விமர்சகர் கிழித்தார். 'டிஸ்ரேலி மாதிரி' என்பதை மட்டும் எடுத்துக்கொண்டிருந்தால் அது பாராட்டுதான்.

பெங்களூரில் ஒரு நாவல்கூட எழுதினார். பெயர் 'சாவ்ரோலா'. ஹீரோ ஒரு மேடைப் பேச்சுச் சிங்கம். ஓயாத லட்சிய வெறி. அவர் அறையில் இருக்கும் புத்தகங்கள்? கிப்பன், மெக்காலே, ஷோபன்ஹவர்! சந்தேகம் வேண்டாம், நீங்கள் நினைக்கிற ஆளேதான். அந்த நாவலைப் படிக்காதீர்கள் என்று நண்பர்களிடம் விடாமல் சொல்லிவந்ததாகப் பின்னாளில் ஒப்புக்கொண்டார். தன்னைத்தானே ஹீரோவாகப் போட்டுப் படம் எடுத்துவிட்டு, பிரிண்ட்டை ஒளித்து வைத்த ஒரே நடிகர்.

1899 மார்ச்சில் மூட்டை கட்டினார். திரும்பி வரவே இல்லை. கணக்குப் பார்ப்போமா? குதிரையில் உலா போய் வாங்கிய மெடல்கள் ஏதோ ஒரு கண்ணாடிப் பெட்டியில் இருக்கின்றன. பெங்களூர் மத்தியானத்தில் டைம்பாஸாகப் படித்த கிப்பனும் மெக்காலேயும் அவருடைய இங்கிலீஷில் ஊறி, மேடையில் முழங்கி, 1953-ல் இலக்கிய நோபல் பரிசையே கொண்டுவந்தன. துரத்தியது ஒன்று, உருவாக்கியது வேறொன்று. ப்ராஜெக்ட் தராமல் பெஞ்சில் உட்காரவைத்துவிட்டார்களே என்று புலம்பும் ஐ.டி. தம்பிகளே, சர்ச்சிலின் வாழ்க்கையில் உருப்படியான இரண்டரை வருஷம் அந்த பெஞ்சுதான்.

பெங்களூருக்கு அவர் வைத்துவிட்டுப் போனதும் ஒன்று உண்டு. பாக்கி. 1899 ஜூன் தேதியிட்ட க்ளப் லெட்ஜரில், வசூலாகாத தொகைகளின் பட்டியலில் 'லெஃப்டினென்ட் டபிள்யூ.எல்.எஸ். சர்ச்சில், 13 ரூபாய்' என்று இருக்கிறது. அன்றைய யுனைடெட் சர்வீஸ் க்ளப், இன்றைய பெங்களூர் க்ளப். அந்தப் பக்கத்தைப் பொக்கிஷமாக வைத்திருக்கிறார்கள். யாராவது கட்டுகிறேன் என்று வந்தாலும் வாங்கமாட்டார்களாம். எப்படி வாங்குவார்கள்? உலகத்திலேயே வசூலாகாமல் இருப்பதால் மதிப்பு ஏறிய ஒரே கடன் அது.

அந்த 13 ரூபாயை நாம் சிரித்துத் தள்ளுபடி செய்துவிடலாம். இன்னொரு பாக்கி அப்படிச் சிரிக்க விடவில்லை. இந்தியா என்றால் அந்த லெஃப்டினென்ட் வராந்தாவிலிருந்து பார்த்தது மட்டும்தான் என்று அவர் மனசில் உறைந்துபோயிற்று. 1930-களில் இந்தியாவுக்குச் சுயாட்சி என்ற பேச்சு எழுந்தபோதெல்லாம் குறுக்கே விழுந்தார். 1943 வங்காளப் பஞ்சத்தில் ஏறக்குறைய 30 லட்சம் பேர் செத்தபோது, தானியக் கப்பல் கேட்டுக் கதறிய குரலுக்கு அவருடைய மந்திரிசபை கொடுத்தது கேட்டதில் கொஞ்சம்தான். 65 வகைப் பட்டாம்பூச்சிகளை வகை பிரித்துப் பார்த்த கண்கள், பக்கத்தில் நின்ற மனிதர்களை மொத்தமாக 'நேட்டிவ்' என்ற ஒரே டப்பாவில் போட்டு மூடிவிட்டன.

அந்த டப்பாவுக்குள் ஒருவர் இருக்கிறார். ரோஜாச் செடிகளின் வகைப் பெயர்கள்கூட சர்ச்சிலின் சுயசரிதையில் இருக்கின்றன. நாயின் பெயர் கடிதத்தில் இருக்கிறது. விடிவதற்கு முன் வந்து மோவாயை நிமிர்த்திய அந்த மனிதர் மட்டும் வெறும் ஓர் ஈரக் கையாக வந்துவிட்டுப் போகிறார். கண்டோன்மென்ட் பக்கம் தமிழர்கள் நிறைய. நம்மூர்க்காரராகக்கூட இருந்திருக்கலாம்.

ஒன்று மட்டும் நிச்சயம். கத்தியைத் தொண்டையில் வைத்திருந்த அந்தச் சில நிமிஷமும் அவர் மனசு லண்டனுக்கோ, நௌஷேராவுக்கோ, அடுத்த மாதத்துக்கோ போயிருக்காது. போயிருந்தால், இரண்டாம் உலகப்போருக்கு இங்கிலாந்து வேறு ஆள் தேடியிருக்க வேண்டும்!